விழாத சாவிக்கொத்து

கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வைத்துக்கொண்டு என்பது தப்பு, நான்தான் எடுத்து வைத்தேன், ஆட்டோவிலிருந்து இறங்கும்போது ஒருமுறை, இந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒருமுறை, அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கி வைக்கிற மாதிரி, பதமாக. வலது கை மணிக்கட்டோடு மடிந்து தொங்குகிறது. நிமிர்த்தச் சொன்னால் நிமிரவில்லை. விரல்களை விரிக்கச் சொன்னால் விரியவில்லை. காலையில் சட்டைப் பொத்தான் நான் போட்டுவிட்டேன், பேண்ட் கொக்கியும் நான்தான், தலை சீவிவிட்டதும் நான்தான், வகிடு கோணல் என்று இந்த ஆஸ்பத்திரி வெளிச்சத்தில் இப்போதுதான் தெரிகிறது. இட்லியை இடது கையில் ஸ்பூன் வைத்துக் குத்திக் குத்திச் சாப்பிட்டார். ஊட்டிவிடட்டுமா என்று தொண்டை வரை வந்தது, கேட்கவில்லை. எதிர் வரிசையில் ஒரு மஞ்சள் சேலைக்காரம்மா நாங்கள் வந்ததிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத ரகம். "ஏனுங்க, பக்கவாதமுங்களா?" என்று என்னிடம் கேட்டாள், ஏதோ இவருக்குக் காதும் போய்விட்டது போல. நான் வாயைத் திறப்பதற்குள் இவரே, "இல்லீங்கம்மா, தூக்கத்துல கை அடியில மாட்டிக்கிச்சுங்க, நரம்பு மரத்துப்போச்சு" என்றார். எவ்வளவு சரளமாக வருகிறது. நேற்றெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். "அட சாமி, அப்படி என்னங்க தூக்கம்" என்று சிரித்துவிட்டு, அவள் என்னைக் காட்டி இவரிடம் சொன்னாள்: "இப்படிப் பாத்துக்கற சம்சாரம் கெடைக்கறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணுமுங்க." இவர் தலையாட்டினார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை, கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

தூக்கமெல்லாம் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் நான் அவரைக் கட்டினேன். கயிற்றால். அவர் கேட்டு, நான் ஒத்துக்கொண்டு, கதவைத் தாழ் போட்டு, திரையை இழுத்துவிட்டு. சொல்லிப் பார்த்தால் இவ்வளவுதான், ஆனால் இதைச் சொல்ல இந்தக் கோயமுத்தூரில் எனக்கு ஓர் ஆள் கிடையாது. புருஷன் பெண்டாட்டியைக் கட்டிப் போட்டான் என்றால் பாவம் என்பார்கள். பெண்டாட்டி புருஷனைக் கட்டினாள் என்றால் ஒன்று சிரிப்பார்கள், இல்லையென்றால் போலீஸைக் கூப்பிடுவார்கள். அவரே கேட்டார், எனக்கும் பிடித்தது, எங்களுக்கு என்று விதிமுறை இருந்தது என்றெல்லாம் சொன்னால் எந்தக் காதில் ஏறும். இது ஆரம்பித்தது மகள் திருச்சிக் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போன வருஷம். வீடு இரண்டு பேருக்குப் பெரிதாகிவிட்டிருந்தது. இவர் பம்ப்செட் கம்பெனியில் மோட்டார் வைண்டிங் பிரிவுக்கு சூப்பர்வைசர், திருமூர்த்தி வருகிறார் என்றால் பிரிவே வாயை மூடிக்கொள்ளுமாம், அவரே சொல்வார், கொஞ்சம் பெருமையாக, கொஞ்சம் அலுப்பாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன், சுவரைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார். "கலா, நாள் பூரா நாஞ் சொல்றத மத்தவங்க கேட்டுக் கேட்டு எனக்கே சலிச்சுப்போச்சு. வாரத்துல ஒருக்கா நீ சொல்லோணும், நாங் கேக்கோணும். என்ன சொன்னாலும்." நான் சிரித்துவிட்டேன். அப்படீன்னா மொதல்ல குப்பையக் கொண்டுபோய்க் கொட்டீட்டு வாங்க என்றேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கொட்டிவிட்டு வந்து, வாசற்படியிலேயே நின்றார், அடுத்து என்ன என்பது மாதிரி. அப்போது அந்த முகத்தைப் பார்த்தேன். பதினெட்டு வருஷம் கூடவே இருந்து பார்க்காத முகம்.

வெளியே நான் அவரை ஏனுங்க என்பேன், அவர் என்னை நீ என்பார், ஊரில் எல்லோரும் போல. தாழ் விழுந்தால் அது மாறும். மூர்த்தி என்பேன், இங்கே வாடா என்பேன். சரிங்க என்பார். அந்த 'டா' முதல் தடவை என் வாயிலிருந்து வந்தபோது எனக்கு முதுகு சிலிர்த்தது. பிடித்திருந்தது. இதில் வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது, எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவர் முகம் அப்போது தளரும், காய்ச்சல் விட்டவன் முகம் மாதிரி, இத்தனை நாள் எதைத் தூக்கிச் சுமந்தாரோ அதை என் காலடியில் இறக்கி வைத்தது மாதிரி. அதை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் குதிக்கிற ஆள் இல்லை நான். ஸ்பின்னிங் மில்லில் சேஃப்டி ஆஃபீசர், என் வேலையே எது எப்படி அறுந்து விழும் என்று முன்கூட்டியே யோசிப்பதுதான். பெங்களூரில் ஒரு பெண், இந்த மாதிரி தம்பதிகளுக்குப் போனிலேயே வகுப்பு எடுக்கிறவள், அவளிடம் கற்றுக்கொண்டேன், முகத்தைக் காட்டாமல். கழுத்தில் கயிறு கூடாது. கத்தரி கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நிறுத்துவதற்கு ஒரு சொல் வேண்டும், எங்களுக்கு அது 'ஷிப்ட்', அதைச் சொன்னால் எதுவானாலும் அந்த இடத்திலேயே முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அடிக்கடி விரலைத் தொட்டுப் பார், வாயைத் திறந்து கேள் என்றாள். கேட்டேன். மரத்துப்போச்சா, வலிக்குதா, போதுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இவருக்குத்தான் பொறுக்கவில்லை. "ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா எறங்கறீங்களான்னு கேக்கற கண்டக்டரு மாதிரி, கேட்டுக் கேட்டே கெடுத்துப் போடறே. வேணாம்னா நாஞ் சொல்ல மாட்டேனா?"

சொல்ல மாட்டேனா என்றார். அதைத்தான் இப்போது சுற்றிச் சுற்றி வருகிறேன், செக்கு மாடு மாதிரி. பிறகு வாயில் துண்டு கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அப்படியானால் சொல்லுக்கு வழியில்லை. நான்தான் மூளையைக் கசக்கி ஒன்று கண்டுபிடித்தேன். மில்லில் சில வண்டிகளுக்கு ஒரு கைப்பிடி உண்டு, அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரைக்கும்தான் வண்டி ஓடும். ஓட்டுகிறவன் மயங்கட்டும், மாரடைத்து விழட்டும், கை தளரும், வண்டி தானாக நின்றுவிடும். எத்தனை வகுப்பில் இதை விளக்கியிருக்கிறேன், பாதுகாப்பு என்பது ஆளை நம்பி இருக்கக் கூடாது, ஆளுக்கு எதுவுமே முடியாத நேரத்தில் அது தானாக வர வேண்டும் என்று. வீட்டுச் சாவிக்கொத்தை அவர் வலது கையில் கொடுத்தேன். பிடித்துக்கொண்டிரு, வேண்டாம் என்றால் விட்டுவிடு, நீ மயங்கினாலும் அது விழும், டைல்ஸ் தரையில் விழுந்தால் தெருவுக்கே கேட்கும். அவருக்கும் மகிழ்ச்சி, எனக்கோ தலைகால் புரியாத பெருமை. அன்றோடு நான் கேட்பதை நிறுத்தினேன். சத்தம் வராத வரைக்கும் சம்மதம். மௌனம் சம்மதம் என்று பெண் பார்க்க வந்தவர்கள் என்னைக் காட்டிச் சொன்னபோது எனக்கு எப்படிப் பற்றிக்கொண்டு வந்தது, அதே பேச்சைத்தான் என் அறைக்குள் நானே கூட்டி வந்து உட்கார வைத்தேன்.

சனிக்கிழமை வெயில். மாடி வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, நிற்கும், மறுபடி ஓடும். புதுக் கட்டு ஒன்று போட்டேன், கைகளைப் பின்னால் சேர்த்து, மேல்கையையும் சுற்றி. பருத்திக் கயிறு, மெத்தென்று இருக்கும், கையில் உரசினால் ஒரு கஞ்சி வாசனை. முடித்துவிட்டு அவருக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அசையக் கூடாது என்றேன். அசையவில்லை. சாவியை மூடிய அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தியமாக வேறெங்கும் பார்க்கவில்லை. எவ்வளவு உறுதியாகப் பிடித்திருக்கிறான் என்று நினைத்தேன். முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது, அதையும் பார்த்தேன். ஃபேன் காற்றில் காலண்டர் படபடத்தது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி, சொன்னால் நம்ப மாட்டீர்கள், கோயிலில் நடை சாத்தும்முன் கடைசி ஆளாக நிற்கிற நிம்மதி. அந்த நேரத்தில்தான் அந்தக் கையில் எதுவோ செத்துக்கொண்டிருந்தது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அவிழ்த்தேன். துண்டை எடுத்தேன். நல்லா இருந்துச்சுங்க என்றார், கண்ணெல்லாம் சிவந்து, சிரித்துக்கொண்டு. சாவியை அவர் விரல்களிலிருந்து நான்தான் பிரித்து எடுத்தேன். எடுக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை, சாயந்திரம் காபி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவிச் சட்டையெல்லாம் கொட்டின பிறகுதான் உறைத்தது. கொஞ்சம் மரத்திருக்குது, விடிஞ்சா சரியாப் போயிரும் என்றார். விடிந்தது. இன்னொரு தடவையும் விடிந்தது. சாவியை அவர் விட நினைத்தாரா? விட நினைத்து, விரல் பிரியாமல், பேச வாயும் இல்லாமல், நான் பின்னால் மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்க, அவர் அங்கே தவித்தாரா? கேட்க வேண்டும். ஒன்றரை நாளாகக் கேட்கவில்லை. அப்படித்தான் நடந்தது என்றால் தப்பு என் திட்டத்தில், அதை நான் தாங்கிக்கொள்வேன், அழுது தீர்த்துவிட்டு வேறு வழி யோசிப்பேன். வேறு மாதிரியும் நடந்திருக்கலாம், அந்தப் பக்கம் மனசு போகும்போதெல்லாம் இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும், மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்க்கிற பழக்கம். கையைத் தூக்கிப் பார்த்தார், விட்டார், தொங்கியது. கட்டைவிரலுக்குப் பின்னால் ஊசியால் லேசாகத் தொட்டு, தெரியுதா என்றார். இல்லீங்க. இங்கே? இல்லீங்க. எப்படி ஆச்சு? சனிக்கிழமை ராத்திரி தூக்கத்துல கை அடியில மாட்டிக்கிச்சுங்க. "சனிக்கிழமையா? குடிச்சிருந்தீங்களா?" இவர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "ஆமாங்க டாக்டர், கொஞ்சம் அதிகமாப் போயிருச்சு." தீபாவளிக்குக் கூடத் தொடாத மனுஷன். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, நீங்களாவது ராத்திரி ஒரு தடவை பாத்திருக்கக் கூடாதா, கையை எடுத்து நேரா வெச்சிருந்தா இவ்வளவு ஆகியிருக்காதே என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் விழுங்கினேன். பிறகு சட்டைக் கையை மேலே ஏற்றச் சொன்னார். ஏற்றியது நான்தான். மேல்கையில் அந்தத் தடம், இரண்டு வரிசை, பழுப்பாகிவிட்டது. டாக்டரம்மா அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். "மேல்கைக்குப் பின்னாடி எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுது. மணிக்கட்டத் தூக்கறதும் விரலை விரிக்கறதும் அதோட வேலை. அது நசுங்கியிருக்கு. படுத்து நசுங்கினா ஒரு மாதிரி, கட்டி நசுங்கினா ஒரு மாதிரி. எவ்வளவு நேரம், எதால அழுந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் இது எப்போ திரும்பும்னு நான் சொல்ல முடியும். திரும்புமான்னும்." இவர் சுவரில் இருந்த நரம்புப் படத்தைப் பார்த்தார். விரலை விரிக்கறதும் அதோட வேலை. நான் அந்த வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன், மேலே நகர முடியவில்லை. ஆயிரம் வழி யோசித்த எனக்கு, பிடிப்பது நின்றுபோகும் என்று தெரிந்த எனக்கு, விடுவதும் நின்றுபோகும் என்று தோன்றவே இல்லை. விடுவதும் ஒரு வேலை என்று எனக்குத் தெரியாது. "கயிறுங்க டாக்டர்" என்று ஒரு குரல் கேட்டது, என் குரல்தான். "நாந்தான் கட்டினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும்." இவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை வைத்திருப்பேன். டாக்டரம்மா கேட்டார்: "எதுக்கு?" எதற்கு. "எங்களுக்குள்ளங்க. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டுத்தான். அவருக்கும் விருப்பம்." டாக்டரம்மா முகத்தில் ஒரு சுளிப்பு வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. எழுதினார். எழுதிவிட்டு, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா. அவர்கிட்டத் தனியாப் பேசணும்" என்றார்.

கதவு அது பாட்டுக்குச் சாத்திக்கொண்டது. வெளியே பச்சைச் சுவர், ஒரு தண்ணீர் டிரம், நிழலில் யாரோ விட்டுப்போன வாக்கர். தனியாக என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும், நானே அப்படிக் கேட்கிற ஆள். மில்லில் ஒரு பெண்ணுக்குக் கன்னம் வீங்கியிருந்தால் புருஷனை அக்கட்டால போகச் சொல்லிவிட்டுத்தான் கேட்பேன். பயப்படாதே, உண்மையைச் சொல், உன்னைக் கட்டாயப்படுத்தினார்களா என்று. சரியான கேள்வி. அந்தக் கேள்விக்கு வெளியே நிற்கிற ஆளாக நான் ஒருநாள் ஆவேன் என்று நினைத்ததில்லை, அந்தப் புருஷன்கள் எல்லாம் டீக்கடைப் பக்கம் நின்று எதை மென்றுகொண்டிருந்தார்களோ அதை நான் இப்போது மெல்கிறேன். என்ன சொல்கிறார் உள்ளே? ஆமாம், நானேதான் கேட்டேன் என்று சொல்வார். சொல்வாரா? வெட்கத்தில் என் தலையில் போட்டுவிட்டால்? போலீஸ் கேஸ் என்றால் மில்லுக்குத் தெரியும், மில்லுக்குத் தெரிந்தால் இவர் தம்பிக்குத் தெரியும், தம்பிக்குத் தெரிந்தால் மகளுக்கு. மகள் போனில் என்ன கேட்பாள், எதுவும் கேட்க மாட்டாள், கேட்காமலே வைத்துவிடுவாள். சீ, நான் என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கை வராவிட்டால் இவர் செப்புக் கம்பியை எதால் சுற்றிக் காட்டுவார், பையன்கள் தப்பாகச் சுற்றினால் வாங்கிப் பிரித்துத் தானே சுற்றிக் காட்டுகிற ஆள். ஆனால் எனக்குப் பயம் அதில்கூட இல்லை. போலீஸிலும் இல்லை. உள்ளே அந்த அம்மா கேட்கிற கேள்வியை நான் கேட்டதில்லை, அதுதான். உனக்கு இது வேண்டுமா என்று கேட்டிருக்கிறேன், ஆயிரம் தடவை. வேண்டாம் என்று என்னிடம் சொல்ல உன்னால் முடியுமா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மஞ்சள் சேலைக்காரம்மா தண்ணீர் பிடிக்க வந்தவள், "என்ன சொன்னாங்க, சரியாப் போயிருமா?" என்றாள். போயிருமுங்க என்றேன். "முருகன் இருக்கறான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வந்தார். சீட்டை இடது கையில் பிடித்திருந்தார். போலீஸெல்லாம் ஒண்ணுமில்லை, மாத்திரை, அடுத்த மாதம் நரம்புக்கு ஒரு டெஸ்ட், இப்போது பிசியோதெரபி அறைக்குப் போய் ஒரு பட்டி போட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் வந்துவிடும் என்றாராம், வராமலும் போகலாம் என்றாராம். நீளமான வராந்தா. நடந்தோம். நான் அவர் இடப்பக்கம், அந்தக் கை அந்தப் பக்கம் ஆடிக்கொண்டு வந்தது.

"என்ன கேட்டாங்க?"

"உங்கள மெரட்டினாங்களான்னாங்க. இல்லீங்கன்னேன்."

"அப்புறம்?"

"எந்த நேரத்துல வேணாலும் நிறுத்தச் சொல்லியிருக்க முடியுமான்னாங்க."

"என்ன சொன்னீங்க?"

"முடியும்னேன்."

ஒரு ஸ்ட்ரெச்சர் வந்தது, சுவரோரம் ஒதுங்கினோம். போனது. நான் நகரவில்லை. "ஏனுங்க, சாவிய விடறதுக்குப் பாத்தீங்களா?" கேட்டுவிட்டேன், ஃபினாயில் வாசனையில், நட்டநடு வராந்தாவில்.

"பாத்தேன். கடைசீல. வெரலு பிரியல." அப்பாடா என்று ஒரு நிம்மதி எனக்குள் எழுந்தது, வெட்கம்கெட்ட நிம்மதி. அப்படியானால் தப்பு என் திட்டத்தில். நான் தாங்கிக்கொள்வேன் என்று சொன்னேனே, அது. அவர் பேச்சை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "மரக்க ஆரம்பிச்சதே தெரியும் கலா. அப்பவே தெரியும். கட்டைவெரல்ல எறும்பு ஊர்ற மாதிரி. அப்ப கையெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, விட்டிருந்தா விழுந்திருக்கும்."

"ஏனுங்க விடல?"

சுவரைப் பார்த்தார். முதன்முதலில் கேட்டபோது பார்த்த மாதிரியே. "நீ அவ்வளவு ஆசையா உக்காந்திருந்தே. மூச்சு விடறது எனக்குக் கேட்டுச்சு. கெடுக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. இன்னுங் கொஞ்ச நேரந்தானேன்னு." பிறகு, ஏதோ எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, "இது புதுசா என்ன, முன்னயும் ஒண்ணு ரெண்டு தடவ முடியாமத்தான் இருந்திருக்குது. கம்முனு இருந்துக்குவேன். உனக்குப் புடிக்குதேன்னு."

முன்னயும். நடந்தோம், என் கால்கள் நடந்தன. முன்னயும் ஒண்ணு ரெண்டு தடவை. எந்தத் தடவை? மழை பெய்த அன்றைக்கா? அவர் அழுதபோது நான் தலையைத் தடவி, அது நல்ல அழுகை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேனே, அன்றைக்கா? முட்டி போட்டு நின்றபோதா? ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்க்கிறேன், எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, எது நிஜம், எது எனக்காக என்று ஒன்றிலும் அடையாளம் இல்லை. மூன்று வருஷமாக இந்த மனுஷன் என்னிடம் முழுசாகத் தன்னை ஒப்படைத்தார் என்று நம்பி, அந்தக் கர்வத்தில் தெருவில் நிமிர்ந்து நடந்தேன். அவர் எதையும் ஒப்படைக்கவில்லை. அங்கேயும் அவர்தான் முடிவு செய்துகொண்டிருந்தார், எனக்கு எது நல்லது, எனக்கு எவ்வளவு தெரியலாம், எனக்காகத் தான் எவ்வளவு பொறுக்கலாம் என்று. என் தறியில் ஒரு பெண் வேலை பார்த்தாள், தறி என்று சொல்லிவிட்டேன், ஸ்பின்னிங் மில்லில் தறி ஏது, தலை சுற்றுகிறது, நூற்பு ஃபிரேமில். துப்பட்டா சிக்கியபோது தலைக்கு மேலேயே நிறுத்துகிற கயிறு இருந்தும் அவள் இழுக்கவில்லை. முந்தின வாரம் இழுத்தவளை மேஸ்திரி ஏசியிருந்தான். பிழைத்துக்கொண்டாள், கழுத்தில் தழும்போடு. ஏம்மா இழுக்கலை என்று கேட்டதற்கு, ஓடுற மெஷின எதுக்குங்க நிறுத்தறதுன்னு இருந்துச்சுங்க மேடம் என்றாள். இழுக்கக் கூச்சப்படுகிற கயிறு கயிறே இல்லை என்று அன்றைக்கு முதலாளி முன்னால் மேசையைத் தட்டிப் பேசினேன், கை தட்டினார்கள். அந்த மேஸ்திரியை வேலையை விட்டே தூக்க வைத்தேன். இங்கே யாரைத் தூக்குவது? நான் ஒருநாளும் ஏசவில்லையே. முகம் சுளிக்கவில்லையே. ஆசையாக மூச்சு விட்டேன், அவ்வளவுதான். அன்பு இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்கிறார்களே, அந்த அன்புதான் வாயை அடைத்தது, துண்டு சும்மா பேருக்கு. கோபம் வருகிறது, இவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது, அந்தக் கையைப் பார்த்ததும் அடங்கிவிடுகிறது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிறேன்.

பிசியோதெரபி அறையில் ஒரு சின்ன வயதுப் பெண், முகத்தில் சிரிப்பு, நாங்கள் எந்த உலகத்திலிருந்து வருகிறோம் என்று தெரியாத சிரிப்பு. இவர் கையை மேசைமேல் வைத்தேன். கறுப்புப் பட்டி ஒன்றை எடுத்தாள், உள்ளே தகடு வைத்தது, மணிக்கட்டை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளும். மூன்று இடத்தில் ஒட்டுகிற வார். ஒருமுறை தானே போட்டுக் காட்டிவிட்டுக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். "வீட்டுல நீங்கதானேக்கா போட்டுவிடணும், ஒரு தடவை போடுங்க, பார்க்கறேன். வாருக்கு உள்ள ஒரு விரல் போகணும், போகலைன்னா இறுக்கம்." போட்டேன். இழுத்தது கொஞ்சம் கூடிப்போயிருக்க வேண்டும். இவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், சனிக்கிழமை முகம் இல்லை, கம்பெனிக்குப் போகிற திங்கட்கிழமை முகமும் இல்லை. அந்தப் பெண் குனிந்து கேட்டாள், "இறுக்குதுங்களாண்ணா?"

"இல்லீங்க. சரியா இருக்குது."

சுண்டுவிரலை வாருக்கு அடியில் நுழைத்துப் பார்த்தேன். நுனிகூடப் போகவில்லை. சதை இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது. நகங்கள் வெளுத்துக்கொண்டு வந்தன. ஒட்டியதைப் பிரித்துத் தளர்த்தினேன், ரொம்பவே தளர்த்திவிட்டேன், பட்டி கையில் சும்மா தொங்கியது, தகடு ஒரு பக்கம் மணிக்கட்டு ஒரு பக்கம். அந்தப் பெண் ஏதோ சொல்ல வந்தாள், கண்ணாலேயே நிறுத்தினேன்.

"இப்பங்க?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், என்ன பதில் வேண்டும் என்று தேடுகிற மாதிரி.

"இப்பவும் சரியாத்தான் இருக்குது கலா" என்றார்.